கணைக்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேகப் பயிற்சி செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஓடத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. ஆறு வாரங்களில் 10 கிலோமீட்டர் போட்டி இருக்கிறது. இணையத்தில் கிடைத்த அட்டவணைப்படி, மூன்று வாரங்களாக, வாரத்துக்கு மூன்று நாள் 400 மீட்டரை எட்டு முறை வேகமாக ஓடுகிறேன். 220-இலிருந்து வயதைக் கழித்தால் 186 வருகிறது; ஆனால் என் கைக்கடிகாரம் இதயத் துடிப்பு 191 என்று காட்டுகிறது. வேகப் பயிற்சியில் இளவயதினரும் சுருண்டு விழுவதாகப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. விலாப்பிடிப்பு, முழங்காலில் சொடக்குச் சத்தம், கறுத்துப்போன கால்விரல் நகம் ஆகியவையும் உண்டு. வலது கணைக்காலில் வலி இருக்கிறது. ஓடுவதற்கு முன் இபுபுரோஃபென் போட்டுக்கொண்டால் தெரிவதில்லை.

பதில்: 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு ஒரு சராசரி மட்டுமே. நல்ல உடல்நலத்துடன் இருப்பவர்களிடமும் அது பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடவோ குறையவோ இருக்கும். மணிக்கட்டுக் கருவிகள் வேக ஓட்டத்தின்போது காலடி எண்ணிக்கையையே துடிப்பாக எடுத்துக்கொள்வதும் உண்டு. ஓடும்போதே நெஞ்சை அழுத்துவது, மயங்கி விழுவது, குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென இறந்திருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவற்றில் எதுவும் இல்லை. 191 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். வலியோ வீக்கமோ இல்லாத முழங்கால் சத்தத்துக்கு மருத்துவம் தேவையில்லை. விலாப்பிடிப்பு வேகத்தைக் குறைத்தால் விடும். நகத்துக்குச் சற்றுப் பெரிய காலணி போதும்.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் கணைக்கால் வலிதான் எனக்குக் கவலை தருகிறது. இன்று இரவு மாத்திரை போடாமல், கணைக்கால் எலும்பின் உள்விளிம்பையும் முன்விளிம்பையும் விரல் நுனியால் மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பாருங்கள். உள்விளிம்பில் நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளிண்ட் எனப்படும் எலும்புறை எரிச்சலாக இருக்கும். ஒரு நாணயத்தால் மூடிவிடக்கூடிய ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தாலோ, நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலி தொடர்ந்தாலோ, எலும்பில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் பளுவால் உண்டாகும் நுண்ணிய விரிசல், தொடங்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அப்போது ஓட்டத்தைக் குறைப்பது போதாது. அன்றே நிறுத்த வேண்டும்.

இந்த வலி மூன்றாவது வாரத்தில் வந்திருப்பதற்குக் காரணம் உண்டு. புதிய பளு ஏறும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. கரைப்பது சில வாரங்களில் முடிய, கட்டி உறுதியாவதற்கு மூன்று மாதங்கள் வரை ஆகும். ஆகவே பயிற்சியைத் திடீரெனக் கூட்டிய மூன்றாம் நான்காம் வாரங்களில் எலும்பு முன்பைவிட வலுக்குறைந்திருக்கிறது. அதே வாரங்களில் இதயமும் நுரையீரலும் தேறிவிடுவதால், இன்னும் வேகமாக ஓடலாம் என்ற தெம்பு உங்களுக்கு வருகிறது. உங்கள் அட்டவணையை எழுதியவருக்கு உங்கள் எலும்பின் நிலை தெரியாது. அதைச் சொல்லக்கூடிய வலியையும் நீங்கள் மாத்திரையால் மறைத்துவிட்டீர்கள்.

ஓடுவதற்காக வலி மாத்திரை போடும் இந்த வழக்கத்தை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். வியர்த்து நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் இபுபுரோஃபென் குறைக்கிறது; வயிற்றுப் புண்ணும் வரலாம்.

ஒரே இடத்தில் வலித்தால் இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பதால், அதை மட்டும் பார்த்துவிட்டு மறுபடியும் ஓடத் தொடங்காதீர்கள்; எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். உள்விளிம்பில் வரும் முறிவு ஆறு முதல் எட்டு வார ஓய்வில் பெரும்பாலும் கூடிவிடும். முன்விளிம்பில் வருவது எளிதில் கூடாது, அலட்சியம் செய்தால் எலும்பு முழுவதுமாக முறியக்கூடும். நீங்கள் பெண்ணாக இருந்து மாதவிலக்கு தவறியிருந்தாலோ, எடை குறைக்க உணவைச் சுருக்கியிருந்தாலோ, அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போதிய உணவில்லாத உடலில் எலும்பு தேறாது.

பரவலான வலிதான் என்றால், இரண்டு வாரங்கள் வேக ஓட்டத்தை விட்டுவிட்டு, அரை மணி நேரம் வலியின்றி விரைந்து நடக்க முடிந்த பிறகு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். அதிலும் வலி வராவிட்டால், ஓட்டத்தின் முடிவில் 20 விநாடி விரைவோட்டம் நான்கு சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் வாரத்துக்கு ஒருநாள் மட்டும். 400 மீட்டர் பயிற்சியை இந்தப் போட்டி முடியும்வரை தொடவே வேண்டாம். போட்டி நாளில் மாத்திரை இல்லாமல், நொண்டாமல் ஓட முடிந்தால் மெதுவாக ஓடி முடியுங்கள். முடியாவிட்டால் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.