கல்லுக் கரையில கிளிமீன் எந்த மாதம் கொத்தும்?

நீங்கள் கேட்டது: "டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வாறன். கீரிமலை, சேந்தாங்குளம் பக்கம் கல்லுக் கரையில இரவில தூண்டில் போட்டால் கிளிமீன் வருமோ? எந்த மாதம் நல்லம்?"

டிசம்பரும் பிழை, இரவும் பிழை. இதை முந்திக்கொண்டு வந்து சொல்லக் காரணம், ரெண்டு பிழையையும் ஒரே நாளில விட்டவன் நான்.

கடற்தொழில் செய்யிற ஆக்கள் ஆரும் வாசிச்சால் கோவிக்காதேங்கோ. நான் பள்ளிக்கூட வாத்தி. சனி ஞாயிறில கரையில நிண்டு தங்கூசி, அதுதான் தூண்டில் நரம்பு, எறியிறதோட சரி. வள்ளத்தில போய் வலை போடுற ஆக்களுக்கு என்ர கணக்குச் சிரிப்பாத்தான் இருக்கும்.

பேரில ஒரு குழப்பம் இருக்கு, அதை முதல் தீர்ப்பம். பச்சையும் நீலமுமா இருக்கிற கல்லு மீன் எல்லாத்தையும் எங்கட வீட்டில கிளிமீன் எண்டுதான் சொல்லுறது. வாயைத் திறந்து பாத்தால் ரெண்டு சாதி. பல்லெல்லாம் ஒட்டிக் கிளிச்சொண்டு மாதிரி இருக்கிறது ஒண்டு. அது கல்லில இருக்கிற பாசியைச் சுரண்டித் தின்னும், தூண்டிலைத் திரும்பியும் பாக்காது. மற்றது தடிச்ச சொண்டும், முன்னுக்கு நீட்டின தனித்தனி நாய்ப்பல்லும் உள்ளது. இங்கிலிஸில ராஸ் (wrasse) எண்டுறது அதைத்தான். நண்டு, சங்கு, இறால் எண்டு ஓடு உள்ளதெல்லாம் அதுக்குச் சாப்பாடு. உங்கட தூண்டிலில வரப்போறது இந்த ரெண்டாவது ஆள். ஒருக்கா அம்மா வெட்டேக்க தொண்டைக்குள்ள இருந்து அம்மிக்கல்லு மாதிரி ஒரு பல்லுத் தட்டை எடுத்துக் காட்டினா. குடலுக்குள்ள சங்கு ஓடு மாவா அரைபட்டுக் கிடந்தது.

இனி அந்த இரவு.

நோர்வேயில இருந்து பெரியம்மாவின்ர மகன் வந்திருந்தார், என்னைவிட எட்டு வயசு மூப்பு. அங்க அவரும் இந்தச் சாதி மீன் பிடிக்கிறவராம். ஜூன் துவங்கிச் செப்டெம்பர் மட்டும் கரையோரக் கல்லுகளுக்குள்ள நிக்கும், குளிர் வர ஆழத்துக்கு இறங்கி ஒடுங்கிப்போயிடும் எண்டு சொன்னார். அது உண்மைதான், குளிர் கடலில அதின்ர வழக்கம் அப்பிடித்தான். அங்க அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு: உயிரோட பிடிச்சு சால்மன் வளக்கிற கூட்டுக்குள்ள விடுவினம், அது சால்மனில ஒட்டியிருக்கிற பேனைக் கொத்தித் தின்னும். பேன் பாக்கிறதுக்கு மீனை வேலைக்கு வைச்சிருக்கினம் எண்டு சொல்லி நாங்கள் சிரிச்ச சிரிப்பு.

"இங்க எப்பவும் வெயில்தானே தம்பி, அப்ப வருசம் முழுக்க சீசன்" எண்டார் அண்ணா. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. ஊரில இருக்கிறவன் நான், வெளிநாட்டால வந்தவருக்கு முன்னால "தெரியாது" எண்டு சொல்லவும் மனம் வரேல்ல. "வாங்கோ, நான் காட்டுறன்" எண்டு கூட்டிக்கொண்டு போனன். மார்கழி, இரவு எட்டு மணி, வடகிழக்கால வாற வாடைக் காத்து முகத்தில அறையுது. ரெண்டு மணி வரைக்கும் நிண்டம். தூண்டிலில கட்டின ஈயக் குண்டு ஏழு கல்லுக்குள்ள போயிட்டுது. ஆம்பிட்டது ஒரேயொரு விலாங்கு, அதுவும் தங்கூசியை முடிச்சுப் போட்டுத்தான் விட்டுது. கடைசியா ஒரு அலை ஏறி வந்து அண்ணாவை இழுத்தது. நான் சேர்ட்டில பிடிச்சன், ஆள் தப்பிச்சார், போன் போயிட்டுது.

விடியக் காத்தால ஈயம் பொறுக்கலாம் எண்டு போனால், வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு ஐயா கேட்டார்: "என்ன மாஸ்டர், நித்திரை கொள்ளுறவனை எழுப்பிச் சோறு தீத்தப் போனனீங்களோ?"

பகிடி எண்டு நினைச்சன், அவர் சொன்னது அப்பிடியே உண்மை. இந்த மீன் பகல் மீன். பொழுதுபட ஒண்டில் கல்லு வெடிப்புக்குள்ள செருகிக்கொள்ளும், இல்லாட்டி மண்ணுக்குள்ள புதைஞ்சு படுத்திடும். வெயில் தண்ணிக்குள்ள இறங்கினாப் பிறகுதான் எழும்பும். விடியப்புறம் அஞ்சு மணிக்குப் போய் நிண்டும் பிரயோசனமில்ல. ஏழரை, எட்டுக்குப் போங்கோ.

மாதத்தை எடுத்தால், எங்கட கடல் நோர்வே மாதிரிக் குளிர்றேல்ல, அதால மீன் ஒரு இடமும் போறேல்ல, மார்கழியிலயும் அந்தக் கல்லுக்குள்ளதான் நிக்குது. மாறுறது காத்து. வடக்குக் கரைக்கு வாடை நேர முகத்தில அடிக்கும். அலை கல்லில மோதி மண்ணைக் கிளப்பத் தண்ணி பால் மாதிரி ஆயிடும், மழை வெள்ளமும் வந்து சேரும். கண்ணால பாத்துச் சாப்பிடுற மீனுக்கு அதுக்குள்ள உங்கட இறால் எங்க தெரியப்போகுது? பொங்கல் கழிஞ்சு, வல்வெட்டித்துறையில பட்டம் விட்டு முடிய, மெல்ல மெல்லக் காத்து விழும். மாசி, பங்குனி, சித்திரைதான் என்ர மாதங்கள். குனிஞ்சு பாத்தால் அடிக் கல்லு தெரியும். தென்மேற்கால வாற சோளகக் காத்துத் துவங்கினாலும் பயமில்ல. அந்த நேரம் நெடுந்தீவுப் படகில போனவைக்குக் குடல் வாயால வரும், ஆனால் வடக்குக் கரையில காத்து முதுகுப் பக்கத்தால வாறதால கரையோரக் கடல் படிஞ்சு கிடக்கும், தூண்டிலும் தூரப் போகும். ஐப்பசி மழையோட நான் மூட்டை கட்டிடுவன்.

சின்னத் தூண்டில் ஊசி போதும், மீனின்ர வாய் சின்னன். இறாலை விடச் சின்ன நண்டு திறம், ஏனெண்டால் இறாலை மற்றச் சில்லறை மீன் எல்லாம் பிச்சுப்போடும். ஈயத்துக்குக் காசைக் கொட்டாதேங்கோ, மோட்டச்சைக்கிள் கராச்சில பழைய ஸ்பார்க் பிளக்குச் சும்மா தருவாங்கள். அதை மெல்லிய நூலால கட்டுங்கோ, கல்லில இறுகினால் நூல் அறும், ஊசி மிஞ்சும். மீன் டக்கு டக்கெண்டு ரெண்டு தரம் தட்டிப்போட்டு ஓட்டைக்குள்ள இழுத்துக்கொண்டு ஓடும். அங்க இறுகினால் மல்லுக்கட்டாமல் தங்கூசியைத் தளர்த்தி விட்டிட்டு ஒரு நிமிசம் பொறுங்கோ, தானா வெளிக்கிட்டு வரும்.

இன்னொண்டு. முதல் மாசியில நான் பேராசையில வடிவான பெரிய நிறக்காரனையெல்லாம் தூக்கினன். ஒரு கிழமையில மங்கலான குஞ்சுகள்தான் மிச்சம். அந்த ஐயாதான் "பெரிசை விடுங்கோ மாஸ்டர்" எண்டார். பிறகு வாசிச்சன்: இந்தச் சாதியில கனக்க இனம் முதல் பெண்ணாத்தான் இருக்கும், பிறகுதான் பெரிசு ஆணா மாறும். அவுஸ்திரேலியாவில மற்ற மீனுகளைத் துப்புரவாக்கிற சின்ன ராஸ் இனத்தை வைச்சு றொபேட்சன் எண்டவர் 1972 இல எழுதியிருக்கிறார். ஆணை எடுத்துவிட்டால் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்தில கூட்டத்திலயே பெரிய பெண் சண்டித்தனம் காட்டத் துவங்கும், ரெண்டு மூண்டு கிழமையில ஆணாவே மாறிடும். நான் தூக்கினது முழுக்க வீட்டுக்காரரை. இப்ப ரெண்டு மீனோட நிப்பாட்டிடுவன், அதுவும் நடுத்தரம். சதை மெது, பொரிச்சால் உடையும், சொதிக்கு நல்லம்.

இதை எழுதேக்க வேற ஒண்டும் ஞாபகம் வருது, கேள்விக்குச் சம்பந்தமில்ல, சொல்லாமல் விடவும் ஏலாது. ஒரு கலியாண வீட்டில எங்கட சொந்தக்கார மனுசி ஒராள் நாலு பேர் கேக்க, "வாத்தியார் வேலை பாக்கிறவர் கடற்கரையில தூண்டிலோட நிக்கிறாராம், எங்கட ஆக்களுக்கு உது தேவையோ" எண்டா. "எங்கட ஆக்கள்" எண்டு இழுத்த இழுவையில என்ன இருக்கெண்டு ஊர்ச்சனத்துக்கு விளங்கும். அண்ணா நோர்வேயில பிடிச்சால் அது பொழுதுபோக்கு, பேஸ்புக்கில படம் போட இதே மனுசி இதயம் போடுவா. நான் சேந்தாங்குளத்தில பிடிச்சால் மானம் போகுது. அடுத்த கிழமை கேற்றடியில பையோட வந்து நிக்கிறா: "தம்பி, கூழுக்கு ரெண்டு மீன் இருக்குமோ?" குடுத்தன். குடுக்காமல் என்ன செய்யிறது.

லீவு டிசம்பரிலதான் எண்டால் கல்லுப் பக்கம் போகாதேங்கோ. சந்தையில இறால் வாங்கிச் சமைச்சுச் சாப்பிட்டிட்டு, பின்னேரம் கரையில நிண்டு அலையைப் பாருங்கோ. போனை வீட்டில வைச்சிட்டுப் போங்கோ.