நீர்த்தவளைத் தொட்டியின் அடியில் எதைப் போடுவது?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கேள்வி: ஆபிரிக்கக் குள்ளத் தவளைகள் இரண்டு வாங்கியிருக்கிறேன். கடையில் தந்த வெள்ளைச் சல்லியைத் தொட்டியில் பரப்பியிருக்கிறேன். இது பாதுகாப்பானதா? கடற்கரை மணல் போடலாமா?

சல்லியை எடுத்துவிடுங்கள். கடற்கரை மணலும் வேண்டாம்.

நானும் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறேன். என் பெறாமகள் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு தவளைகளுக்குப் பயறு அளவுச் சல்லியைத்தான் போட்டுக்கொடுத்தேன். ஒருநாள் இரவு இரத்தப் புழுவைத் தொட்டியில் விட்டபோது, ஒரு புழு இரண்டு கற்களுக்கிடையில் விழுந்தது. தவளை அதன்மேல் பாய்ந்து, முன்கால்கள் இரண்டாலும் வாய்க்குள் தள்ளித் தள்ளி விழுங்கியது. புழுவோடு ஒரு வெள்ளைக் கல்லும் உள்ளே போனதை இருவருமே பார்த்தோம். துப்பிவிடும் என்று பிள்ளைக்குச் சொன்னேன். அது துப்பவில்லை. அடுத்த நாளிலிருந்து உணவைத் தொடவில்லை, வயிறு ஒரு பக்கமாக வீங்கியது, ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது. எடுத்துப் புதைக்கும்போது வயிற்றுத் தோலுக்குக் கீழே கல் விரலில் தட்டுப்பட்டது. ஒன்றல்ல, மூன்று.

இந்தத் தவளைக்கு நாக்கு இல்லை. நம் வீட்டு முற்றத்துத் தவளை நாக்கை நீட்டிப் பூச்சியை மட்டும் ஒட்டி எடுக்கும். இது வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சும். மணத்தை வைத்தே உணவைத் தேடுவதால், புழு கிடந்த இடத்துக் கல்லும் அதற்குப் புழுதான். ஆகவே அடியில் கிடப்பது விழுங்கினாலும் வெளியேறிவிடும் நுண்மணலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாய்க்குள் நுழையவே முடியாத கல்லாக இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவுதான் கொல்லும்.

பெரிய கல்லிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இவை நுரையீரலால் மூச்சு விடுபவை. அடிக்கடி மேலே வந்து காற்றை எடுத்தாக வேண்டும். கல்லிடுக்கில் அகப்பட்டால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துப் போகும். போளைகளைப் பரப்பலாம் என்று சிலர் சொல்வதையும் இதனால்தான் நான் ஏற்பதில்லை. போளைகளுக்கு நடுவே விழும் உணவும் அங்கேயே அழுகும்.

என் தெரிவு, மீன் தொட்டிக்கென்று விற்கும் நுண்ணிய, கூரில்லாத மணல். ஒன்றரை சென்ரிமீற்றர் உயரம் போதும். மிக ஆழமாகப் போட்டால் அடியில் காற்றில்லாமல் கெட்ட வாயு தேங்கக்கூடும். வாளியில் போட்டு, கலங்கல் தெளியும்வரை கழுவுங்கள். எனக்குப் பன்னிரண்டு தடவை பிடித்தது.

கடற்கரை மணலில் உப்பும் உடைந்த சிப்பியும் இருக்கும். சிப்பியின் விளிம்பு தவளையின் மெல்லிய தோலைக் கீறும். அந்தத் தோலால்தான் அது நீரையும் உறிஞ்சுகிறது. சிப்பி முழுவதும் சுண்ணாம்பு. குடாநாடே சுண்ணக்கல்லின்மேல் இருப்பதால் நம் கிணற்று நீர் ஏற்கெனவே கடினமானது. அதில் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கத் தேவையில்லை. எந்த மணல் வாங்கினாலும் ஒரு கரண்டி எடுத்து வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

மணல் போட்டாலும் உணவுக்கு ஒரு தட்டு வையுங்கள். நான் கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கி எண்ணெய் படாமல் மிஞ்சியிருந்த மண் சிட்டி ஒன்றைத் தொட்டியின் மூலையில் வைத்திருக்கிறேன். புழுக்களைத் துளிசொட்டியால் அதற்குள் விடுவேன். நான்கைந்து நாட்களில் மிஞ்சிய தவளை இடத்தைப் பழகிக்கொண்டது. இப்போது மாலையில் விளக்கைப் போட்டதும் சிட்டியருகே வந்து காத்திருக்கிறது.

சல்லியை ஒரே நாளில் முழுவதும் அள்ளாதீர்கள். கழிவைச் சிதைக்கும் நல்ல பக்ரீரியா அதன்மேலும் வடிகட்டியின் பஞ்சிலும் படிந்திருக்கும். இந்த வாரம் பாதி, அடுத்த வாரம் மீதி என்று எடுங்கள். அந்த நாட்களில் வடிகட்டியின் பஞ்சைக் கழுவ வேண்டாம். சிட்டியை மட்டும் இன்றிரவே வைத்துவிடுங்கள். சல்லி முழுவதும் வெளியேறும்வரை அதற்கு வெளியே ஒரு புழுவும் விழக்கூடாது.