திங்கட்கிழமை லஞ்சில் நடக்கும் அந்தச் சண்டை

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கொலம்பஸ் வந்து ஆறு மாதம் ஆகிறது, வேலை பிடித்திருக்கிறது, டீமில் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் காலேஜ் ஃபுட்பால், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் பேச்சுதான், சாம்பியனை முடிவுசெய்யும் பிளேஆஃபில் பன்னிரண்டு டீமா பதினாறா, எஸ்.இ.சி., பிக் டென் என்ற இரண்டு யுனிவர்சிட்டிக் கூட்டங்களில் எது பெரிது என்று ஒரே சத்தம், எனக்குக் கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது, தயிர்சாத டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இதையெல்லாம் கற்றுக்கொண்டே ஆகவேண்டுமா அண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பிக் டென் என்று பேர் வைத்துக்கொண்டு அதில் 18 டீம் எப்படி என்றும், ஒரு ஆட்டமாவது நேரில் போய்ப் பார்க்கலாமா என்றும்.

கற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்றெல்லாம் இல்லை. பதினைந்து வருடம் இந்த ஊரில் இருந்தும் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காத நம்மவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து குடும்பம், சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஆபீஸ்காரர்கள் போடும் சண்டையைப் புரிந்துகொள்ள அந்த ஆட்டத்தின் விதி ஒன்றுகூடத் தெரிய வேண்டாம். நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை எந்தத் தெருவுக்கு என்று வருடா வருடம் பஞ்சாயத்து நடக்குமே, அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது சட்டென்று பிடிபடும்.

முதலில் என் கதை ஒன்று. வந்த புதிதில், குளிருக்கு என்று பழைய துணிக் கடையில் நாலு டாலருக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினேன். நெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு மளிகைக் கடை வரிசையில் நிற்கும்போது எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி என்னைப் பார்த்து உரக்க "ஓ-எச்!" என்றார். ஏதோ கடை கார்டு வேண்டுமா என்று கேட்கிறார் போல என்று நினைத்து "நோ, தேங்க்யூ" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேர் சிரித்துக்கொண்டே ஒரே குரலில் "ஐ-ஓ!" என்று முடித்துவைத்தார்கள். ஓஹாயோ என்ற பேரின் நாலு எழுத்தில் ஒருவர் பாதி சொன்னால் மற்றவர் மீதியைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விஷயம். என் மகள் இதை ஸ்கூல் பஸ்ஸிலேயே கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பாட்டி இந்த ஊர் யுனிவர்சிட்டியான ஓஹாயோ ஸ்டேட்டில் படித்தவராக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. கொலம்பஸுக்கு, சம்பளத்துக்கு ஆடும் பெரிய ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் டீம் கிடையாது, அது கிளீவ்லாந்துக்கும் சின்சினாட்டிக்கும்தான். ஃபுட்பாலில் இந்த ஊருக்கு என்று இருப்பது காலேஜ் டீம்தான், அதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் ஆள் கொள்ளும் அரங்கம் சனிக்கிழமை சனிக்கிழமை நிரம்புகிறது. ஒருமுறை எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மண்டபம் மலிவாகக் கிடைத்தது என்று ஆட்டம் இருந்த சனிக்கிழமையில் தீபாவளி விழாவை வைத்துவிட்டு, 315 ஹைவே நெரிசலில் பாதிக் கூட்டம் மாட்டிக்கொண்டு, கேசரி ஆறிப்போன பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து ஆட்ட அட்டவணையைப் பார்க்காமல் தேதி குறிப்பதில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். ஐபிஎல் என்றால் பத்து டீம், புள்ளிப் பட்டியல், மேலே நாலு பேர் உள்ளே, முடிந்தது. இங்கே மேல் பிரிவில் மட்டும் 130-க்கு மேல் டீம். ஒவ்வொன்றும் ஆடுவது பன்னிரண்டே ஆட்டம். பெரும்பாலானவர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்ப்பதே இல்லை. அப்புறம் எந்தப் பட்டியலை வைத்து யார் பெரியவன் என்று சொல்வது? யாராவது உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லத்தான் வேண்டும். வெகுகாலம் பத்திரிகைக்காரர்கள் ஒரு பக்கம் ஓட்டுப் போட்டார்கள், கோச்சுகள் இன்னொரு பக்கம் போட்டார்கள். 1997-ல் பத்திரிகைக்காரர்கள் மிச்சிகன் என்றார்கள், கோச்சுகள் நெப்ராஸ்கா என்றார்கள், இரண்டு ஊரும் நாங்கள்தான் சாம்பியன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கின்றன. 1998-லிருந்து கம்ப்யூட்டர் கணக்கையும் சேர்த்துப் பார்த்து இரண்டு டீமை மட்டும் மோதவிட்டார்கள். 2014 சீசனில் அது நாலு ஆனது, 2024-ல் பன்னிரண்டு. யார் யார் உள்ளே என்று முடிவுசெய்ய 13 பேர் கொண்ட கமிட்டி ஒன்று இருக்கிறது. நாலு என்றால் ஐந்தாவது ஆள் வயிறெரிவான், பன்னிரண்டு என்றால் பதிமூன்றாவது ஆள். பதினாறு, இருபத்து நாலு என்றெல்லாம் பேச்சு ஓடுகிறது. அப்போதும் இருபத்தைந்தாவது என்று ஒருவன் இருக்கத்தானே செய்வான்.

2023 ஃபுளோரிடா ஸ்டேட் விவகாரம் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடத்து லஞ்சுக்குத் தாங்கும். பதிமூன்று ஆட்டம், பதிமூன்றிலும் ஜெயித்தார்கள், தங்கள் கான்ஃபரன்ஸில், அதாவது தங்கள் யுனிவர்சிட்டிக் கூட்டத்தில், சாம்பியன். ஆனால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குச் சீசன் முடியும் நேரத்தில் கால் உடைந்துவிட்டது. அவர் இல்லாத டீம் அதே டீம் இல்லை என்று சொல்லி கமிட்டி அவர்களை ஐந்தாவதாகத் தள்ளி, ஒரு ஆட்டம் தோற்றிருந்த அலபாமாவை நாலாவதாக உள்ளே விட்டது. ஒன்றில்கூடத் தோற்காதவனை வெளியே நிறுத்துவதற்கு ஆட்டம் எதற்கு என்று ஒரு கட்சி. பிறகு அந்த வருடம் பிளேஆஃபில் சேராத ஆரஞ்ச் பௌல் என்ற ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று அடிவாங்கினார்களே, கமிட்டி சொன்னது சரிதானே என்று இன்னொரு கட்சி. மனம் விட்டுப்போய்ப் பாதிப் பேர் ஆடவே வரவில்லை, அதை வைத்து எப்படிச் சொல்வாய் என்று முதல் கட்சி திரும்ப எழும். நான் முதல் கட்சி. ஜெயிப்பதற்கு மேல் ஒரு டீம் வேறென்ன செய்ய முடியும்?

இன்னொன்று நம் ஊர்க் கதை. 2024 நவம்பர் 30, பரம்பரை எதிரி மிச்சிகனோடு ஆட்டம். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன், வீட்டில் சுட்ட மசால் வடை ஒரு தட்டு என் பங்கு. ஓஹாயோ ஸ்டேட் நாட்டில் இரண்டாம் இடம், மிச்சிகனுக்கு அப்போது ரேங்கே கிடையாது, ஊதித் தள்ளிவிடுவார்கள் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. 13-10, தோல்வி, அதுவும் சொந்த மைதானத்தில். அதற்கு மேல், மிச்சிகன் பையன்கள் நடு மைதானத்தில் போய்த் தங்கள் கொடியை ஊன்றப் பார்க்க, கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. டிவியை நிறுத்தினார், வெளியே போய் கிரில்லை மூடினார், உள்ளே வந்து என் வடையில் ஒன்றை எடுத்து நின்றுகொண்டே சாப்பிட்டார். அவர் மனைவி எனக்குக் கண் காட்ட, நான் தட்டைக்கூட வாங்காமல் வீடு வந்து சேர்ந்தேன். சாவு வீடு மாதிரி இருந்தது என்று சொன்னால் மிகை இல்லை.

பழைய கணக்கு என்றால் அதோடு சீசன் முடிந்திருக்கும். ஆனால் பன்னிரண்டு டீம் என்பதால் எட்டாவதாக உள்ளே போனார்கள். டிசம்பரில் இதே ஊரில், எலும்பை உறையவைக்கும் குளிரில் டென்னசியை 42-17, அப்புறம் ஓரிகனை, அப்புறம் டெக்சாஸை, கடைசியில் 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டேமை 34-23. சாம்பியன்! இதையும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், வேறு யாருமல்ல, நம் ஊர்க்காரர்களே. மிச்சிகனிடம் தோற்ற வருடத்தில் கோப்பை வந்தால் அது என்ன கோப்பை என்று என் மேனேஜர் ஒருவர் நிஜமாகவே கேட்டார். பிளேஆஃபைப் பெரிதாக்கினால் வருடக் கடைசிச் சண்டைக்கு மதிப்புப் போய்விடும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் பெரிதாக்கியது நல்லது என்றுதான் சொல்வேன். 2025 சீசனில் இண்டியானா, கூடைப்பந்துக்கு மட்டும் பேர்போன ஊர், பதினாறுக்குப் பதினாறு ஜெயித்து மயாமியைக் கடைசியில் 27-21 என்று வீழ்த்தியது. பழைய முறையில் பெரிய பேர் உள்ளவர்களுக்கு ஓட்டுப் போட்டே பழகியவர்கள் அவர்களைச் சீண்டியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதே வருடம் பத்து ஆட்டம் ஜெயித்த நோட்ர டேமை வெளியே விட்டுவிட்டு, சின்ன கான்ஃபரன்ஸ்களிலிருந்து டுலேனையும் ஜேம்ஸ் மேடிசனையும் விதிப்படி உள்ளே விட்டார்கள், இருவரும் முதல் சுற்றிலேயே காலி. நோட்ர டேம் கோபித்துக்கொண்டு வேறு எந்த ஆட்டத்துக்கும் வரமாட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டது. கல்யாணத்தில் பந்தியில் முதலில் உட்காரவைக்கவில்லை என்று சாப்பிடாமல் போகும் மாமாக்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அந்தப் பதினெட்டுக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் இதில்தான். கான்ஃபரன்ஸ் என்பது அக்கம்பக்கத்து யுனிவர்சிட்டிகள் சேர்ந்து வைத்துக்கொண்ட கூட்டம். பஸ் பிடித்துப் போகும் தூரம், பரம்பரைப் பகை, பக்கத்து ஊர்க்காரன் மாப்பிள்ளையாகவும் இருப்பான், அதனால்தான் சண்டைக்கு ருசி. பிக் டென் 1896-ல் ஆரம்பித்தது. பத்து பதினொன்றானபோதே பேரை மாற்றாமல் விட்டார்கள், பேருக்கு அவ்வளவு மதிப்பு. அப்புறம் டிவிக்காரர்கள் வந்தார்கள். எந்தக் கூட்டத்தில் பெரிய ஊர்கள் அதிகமோ அதற்கு அதிகக் காசு. பிக் டென் 2022-ல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் போட்ட ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். லாஸ் ஏஞ்சல்ஸ் டிவி பெட்டிகள் வேண்டும் என்று யு.எஸ்.சி.யையும் யு.சி.எல்.ஏ.வையும் இழுத்தார்கள், அடுத்த வருடம் ஓரிகன், வாஷிங்டன். தெற்கே எஸ்.இ.சி. டெக்சாஸையும் ஓக்லஹோமாவையும் கொண்டுபோனது. மேற்குக் கரையில் நூறு வருடம் இருந்த பேக் 12 என்ற கூட்டத்தில் 2024-ல் மிஞ்சியது ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்று இரண்டே பேர். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் போக இடமில்லாமல் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் போய்ச் சேர்ந்தன. பசிபிக் கடல் ஓரத்தில் இருந்துகொண்டு!

ஃபுட்பால் பையன்களாவது வாரத்துக்கு ஒரு ஆட்டம், தனி விமானம். யு.சி.எல்.ஏ.வின் வாலிபால் பெண்கள் நியூ ஜெர்சி பிஸ்கட்டவே வரை, அதுதான் தம்பி, எடிசனுக்குப் பக்கத்தில் நம்மவர்கள் குவிந்து கிடக்கும் அதே பிஸ்கட்டவே, அதே பிக் டென்னில் இருக்கும் ரட்கர்ஸோடு ஆட கிட்டத்தட்ட நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். எவன் பொழைப்புக்கோ எவன் அலைவது. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் நூறு வருடத்துக்கு மேலாக மோதிக்கொண்டிருந்தவை, 2023-க்குப் பிறகு அந்த ஆட்டமே இல்லை. உங்கள் டீமில் ஓக்லஹோமாக்காரர் யாராவது இருந்தால் இதை மெதுவாகக் கேளுங்கள். ஒரேயொரு நல்லது, 2011-ல் நின்றுபோன டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்டு எம் ஆட்டம் இந்தக் குழப்பத்தால் 2024-ல் திரும்ப வந்தது. ஆடும் பையன்களுக்கு இப்போது யுனிவர்சிட்டியே நேரடியாகக் காசு கொடுக்கலாம் என்று 2025-ல் ஆகியிருக்கிறது. இத்தனை கோடி புரளும்போது ஓடுகிறவனுக்குக் கொடுப்பதில் என்ன தப்பு, ஆனால் இதை லஞ்சில் எடுக்காதீர்கள், மூன்று மணி வரை போகும்.

லஞ்சில் என்ன செய்வது என்றால், கருத்துச் சொல்லாதீர்கள், கேளுங்கள். "2023-ல் ஃபுளோரிடா ஸ்டேட்டை விட்டது சரியா?" என்று ஒரே கேள்வி போட்டுவிட்டுத் தயிர்சாதத்தை நிம்மதியாகச் சாப்பிடலாம், நாற்பது நிமிடம் ஓடிவிடும். கிரிக்கெட்டோடு ஒப்பிட்டு ஆரம்பிக்க வேண்டாம், நானும் செய்து பார்த்திருக்கிறேன், அவர்கள் முகம் மரியாதையாக வெறுமையாகிவிடும்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் ஆரம்பத்தில் ஏதாவது சின்ன டீமோடு ஆடும் ஆட்டத்துக்குப் போங்கள். அடிவாங்கிவிட்டுப் போவதற்காகவே அவர்களுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துக் கூப்பிடுவார்கள், டிக்கெட்டும் கைக்கு எட்டும். எப்போதாவது அந்தச் சின்ன டீம் ஜெயித்துத் தொலைக்கும், 2007-ல் அப்பலாச்சியன் ஸ்டேட் மிச்சிகனை அவர்கள் ஊரிலேயே 34-32 என்று சாய்த்தது, இங்கே அதைத் தங்கள் வெற்றி மாதிரியே சொல்வார்கள். பை கொண்டுபோனால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைதான் விடுவார்கள், வெயிலுக்குத் தொப்பி.

மிச்சிகன் ஆட்டம் நடக்கும் நவம்பர் கடைசி வாரத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்த வாரம் கேம்பஸில் பலகைகளில் இருக்கும் எம் என்ற எழுத்தையெல்லாம் சிவப்பு டேப் ஒட்டி அடித்துவைத்திருப்பார்கள். ஊரிலிருந்து அம்மா தீபாவளிக்கு அனுப்பிய கருநீலச் சட்டை, மஞ்சள் கோடு போட்டது, அதை விவரம் தெரியாமல் அந்த ஆட்டத்துக்கு முந்தின புதன்கிழமை ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனேன். நீலமும் மஞ்சளும் மிச்சிகன் நிறம். வாசல் செக்யூரிட்டி முதல் மேனேஜர் வரை ஆளுக்கு ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டி, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சட்டையில் துணியே தெரியவில்லை. அம்மாவிடம் வீடியோ காலில் காட்டினேன், துவைத்தால் போகுமா என்றுதான் கேட்டாள்.