மெலிந்த குதிரைக்குக் கொள்ளும் வேண்டாம், தரகரும் வேண்டாம்

கேள்வி: மீட்பு அமைப்பு ஒன்று காப்பாற்றிய பெண் குதிரையைத் தற்காலிகமாகப் பராமரிக்க என்னிடம் விட்டிருக்கிறார்கள். வந்து நான்கு நாள் ஆகிறது. வயது பத்துப் பன்னிரண்டு இருக்கலாம் என்கிறார்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம், இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. வேகவைத்த கொள்ளும் தவிடும் வைக்கிறேன், ஆசையாகத் தின்கிறது. சீக்கிரம் தேற இன்னும் எவ்வளவு வைக்க வேண்டும்? குதிரை வாங்கி விற்கும் ஒருவர், ‘ரெண்டு மாசத்துல தேத்திக் குடுங்க, நல்ல இடமா பார்த்து நானே சேர்த்துடறேன், நமக்குள்ள எழுத்து எதுக்குங்க’ என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொள்ளை இன்றைக்கே நிறுத்துங்கள். தவிடு, ஓட்ஸ், சோளம், வெல்லம், டப்பாவில் வரும் சத்து மாவு எதுவும் இப்போது வேண்டாம்.

பட்டினி கிடந்த குதிரை எதை வைத்தாலும் ஆசையாகத்தான் தின்னும். அதை வைத்து உடம்பு ஏற்றுக்கொள்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வாரக்கணக்கில் தீனி கிடைக்காத உடம்பு, தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் திடீரென்று மாவுச்சத்து இறங்கினால் இன்சுலின் பெருகும். இன்சுலின் சர்க்கரையோடு சேர்த்து ரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் மூன்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயமும் மூச்சுத் தசைகளும் ஓடுவதற்கு இந்த மூன்றும் வேண்டும், ஆனால் கையிருப்பு ஏற்கெனவே காலி. அதனால்தான் மெலிந்து வந்தபோது நின்றுகொண்டிருந்த குதிரை, வயிறாரத் தின்ன ஆரம்பித்த பிறகு படுத்துவிடுகிறது. ஆபத்து மிகுந்த நாள்கள் ஏறக்குறைய 3 முதல் 10 வரை. நீங்கள் இப்போது அதற்குள்தான் இருக்கிறீர்கள்.

ஆகவே கால்நடை மருத்துவரை அழைத்து, ரத்தத்தில் அந்த மூன்றின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நடையில் தள்ளாட்டம், தசை நடுக்கம், ஓய்வில் நிற்கும்போதே வேகமான மூச்சு, கால்களிலோ அடிவயிற்றிலோ நீர் கோத்த வீக்கம், எழ முடியாமல் படுத்துக் கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கொள்ளுக்குப் பதிலாக வைக்க வேண்டியது குதிரை மசால், அதாவது லூசர்ன் என்கிற தீவனப் பயிர். உலர்த்தியது, இலை அதிகம் உள்ளது, பூஞ்சை வாடை இல்லாதது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1990-களில் பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு தீவனங்களைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், நல்ல பலன் தந்தது குதிரை மசால்தான். அதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் பாஸ்பரஸும் மக்னீசியமும் கூடுதல். அங்கிருந்து வந்த அளவுதான் இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. முதல் 3 நாள், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை சுமார் 450 கிராம். ஒரு நாளுக்கு 6 வேளை, மொத்தம் 2.7 கிலோ. இரவு 2 மணி வேளையும் இதில் சேர்த்தி. 4-ஆம் நாளிலிருந்து அளவை மெல்லக் கூட்டி வேளையைக் குறைத்து, 6-ஆம் நாளில் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை 2 கிலோ, அதாவது நாளுக்கு 6 கிலோ. 10 நாளுக்குப் பிறகு தின்னும் அளவுக்கு வைக்கலாம், வேளையும் இரண்டாகிவிடலாம். இது நல்ல உடம்பில் 450 கிலோ இருக்க வேண்டிய குதிரைக்கான கணக்கு. உங்கள் குதிரை சிறியதென்றால் அதற்கேற்பக் குறையுங்கள். கணக்கை இன்றைக்கு முதல் நாள் என்று வைத்தே தொடங்குங்கள், கடந்த நான்கு நாளைச் சேர்க்க வேண்டாம். கைப்பிடி அளவை நம்பாதீர்கள். உலர்ந்த மசால் பார்வைக்கு நிறையத் தெரியும், எடையில் ஒன்றும் இருக்காது. ஒரு சாக்கில் போட்டு, கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுத்து வையுங்கள். தண்ணீர் எப்போதும் எட்டும்படி இருக்கட்டும். நக்குவதற்கு ஓர் உப்புக் கட்டி போதும்.

குடற்புழு மருந்தை அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாது. குடலில் நிறையப் புழு இருந்து, எல்லாம் ஒரே நாளில் செத்தால், இருக்கிற தெம்பும் வயிற்றுவலியிலும் கழிச்சலிலும் போய்விடும். லத்தியைப் பரிசோதித்து முட்டை எண்ணிக்கை பார்த்த பிறகு, என்ன மருந்து, என்றைக்கு என்பதை மருத்துவர் சொல்லட்டும். மாக்சிடெக்டின் என்ற மருந்து உடலின் கொழுப்பில் போய்த் தங்குவது. கொழுப்பே இல்லாத குதிரைக்கு அது நஞ்சாகலாம். அறிவுரை சொல்ல வருகிற நாலு பேரில் ஒருவர் கட்டாயம் அதன் குழாயோடு வருவார், வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாது. குளம்பையும் ஒரே நாளில் ஒட்ட வெட்டாமல், லாடக்காரர் சில வாரங்கள் விட்டுவிட்டு இரண்டு மூன்று தடவையாகச் சீவட்டும். தின்னும்போது பாதி மென்ற புல் உருண்டைகள் வாயிலிருந்து விழுகின்றனவா என்று தொட்டிக்குக் கீழே பாருங்கள். விழுந்தால் பெரும்பாலும் பல் விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறது என்று பொருள், எவ்வளவு தீனி வைத்தாலும் ஏறாது. மற்றக் குதிரைகள் இருந்தால் 21 நாளாவது தள்ளிக் கட்டி, காலையும் மாலையும் வெப்பம் பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி அந்த மனிதர். முதல் விஷயம், இந்தக் குதிரையைக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. தற்காலிகமாகப் பராமரிப்பவர் உரிமையாளர் ஆகமாட்டார். குதிரை அமைப்புடையதா, அல்லது வதை வழக்கில் பறிமுதலாகி வழக்கு முடியாமல் கிடப்பதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழக்கில் இருக்கும் குதிரையைக் கைமாற்றினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். பறிமுதல் செய்யும்போது இருக்கும் வேகம் அதன் பிறகு யாரிடமும் இருப்பதில்லை. குதிரையைக் கொண்டுவந்து விடுவார்கள், ஒரு துண்டுத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். தீவனச் செலவு யாருடையது, நள்ளிரவில் வயிற்றுவலி வந்தால் அறுவைச் சிகிச்சையா கருணைக்கொலையா என்று முடிவெடுப்பவர் யார், எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், குதிரையின் வயிறு அதுவரை காத்திருக்காது. குதிரை யாருடையது என்பதோடு சேர்த்து இந்த நான்கையும் இந்த வாரமே எழுதி வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது விஷயம், ‘எழுத்து எதுக்கு’ என்கிற வார்த்தை. குதிரையை நல்ல இடத்தில் சேர்க்க நினைப்பவருக்கு எழுத்தால் ஒரு நட்டமும் இல்லை. எழுத்து வேண்டாம் என்பவருக்கு மட்டும்தான் அடுத்த வாரமே அதை வேறொருவருக்கு விற்கும் வசதி வேண்டும். இந்த வியாபாரம் நடக்கும் விதம் எளிமையானது. மீட்பவர் தீவனமும் மருந்தும் போட்டு உடம்பேற்றித் தருவார், தரகர் இலவசமாக வாங்குவார், எடை ஏறிய குதிரைக்கு வாடிக்கையாளர் தேடுவார். நல்ல வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் இறைச்சிக்கு வாங்குபவர் எப்போதும் இருக்கிறார். ‘நல்ல வீட்டுக்கு இலவசம்’ என்று எழுதிப் போடுவது இவர்களைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்துவது போலத்தான். தத்துக் கொடுக்கும்போது ஒரு தொகை வாங்கியே ஆக வேண்டும். கைமாற்றி விற்றால் அவருக்கு லாபம் மிஞ்சாத அளவுக்காவது அது இருக்கட்டும்.

இதே ஆள்கள் நாளைக்கு இன்னொரு குதிரையின் படத்தை அனுப்புவார்கள். ‘நாளை மாலைக்குள் பணம் வராவிட்டால் வெட்டுக்குப் போய்விடும்’ என்பார்கள். ஒரே படம் ஒரே நேரத்தில் நாலு அமைப்புகளிடம் போயிருக்கும். அந்தப் பணம் அந்தக் குதிரையை விடுவிக்கலாம், தரகரின் அடுத்த இரண்டு குதிரைகளுக்கு முதலும் அதுவே ஆகிறது. கண்ணெதிரே நிற்கும் உயிரைப் பார்த்துக் கை நீளும், அது இயல்பு. அந்தக் கையை அமைப்பின் வழியாக நீட்டுங்கள், தரகரிடம் நேராகப் பணம் கொடுக்க வேண்டாம்.

மைக்ரோசிப் போட்டிருக்கிறார்களே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்குக் கீழுள்ள தசைநாரில் செலுத்தப்படும் அந்தச் சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். அந்த எண்ணுக்கு எதிரே ஒரு பெயரும் தொலைபேசியும் பதிவேட்டில் ஏறினால்தான் அதற்கு அர்த்தம். ஊசி போடுவதோடு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். பிறகு ஸ்கேனர் வைத்தால் எண் வருகிறது, யாருடையது என்று வருவதில்லை. பதிவை அமைப்பின் பெயரில் ஏற்றச் சொல்லி, ஏறியதை நீங்களே பாருங்கள்.

இரண்டு மாதத்தில் கொடுப்பதற்குத் தடையான இன்னொன்று குதிரையே. பட்டினிக் குதிரை சாது போலத் தெரியும். காலைத் தூக்கினால் தூக்கவிடும், யார் வந்தாலும் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். அது குணமென்று எண்ண வேண்டாம், பலவீனம். தசை திரும்பும்போதுதான் உண்மைக் குணம் வெளியே வரும். இரண்டாவது மாதத்தில் ‘பரம சாது’ என்று குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் போன குதிரை, நாலாவது மாதத்தில் உதைக்க ஆரம்பித்தால் அவர்கள் திருப்பி அனுப்புவார்கள், அல்லது சத்தமில்லாமல் தள்ளிவிடுவார்கள். உடல் நிலைக்கு அமெரிக்காவின் டெக்ஸாஸில் ஹென்னெக் என்ற ஆய்வாளர் 1983-இல் வகுத்த 1 முதல் 9 வரையிலான அளவு இருக்கிறது. கழுத்து, தோள்மேடு, தோளின் பின்புறம், விலா, முதுகு, வால்மூலம் ஆகிய ஆறு இடங்களில் கை வைத்துப் பார்ப்பது. உங்கள் விவரிப்பில் அவள் 1 அல்லது 2. வரவேண்டியது 5, அங்கே விலா கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படும். அதற்குப் பல மாதம் ஆகும். எடை ஏறி ஒரு மாதமாவது அதிலேயே நின்ற பிறகு புது வீடு தேடுங்கள். வாரம் ஒரு தடவை அதே நாடாவால் அளந்து பாருங்கள். முன்னங்கால் உடலோடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவை அதே அளவால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனைவரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும், அளவுகள் செண்டிமீட்டரில். சுற்று 150, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 265 கிலோ.

ஒரே ஒரு நிலை இந்தக் கணக்கு எல்லாவற்றையும் மாற்றும், அது சினை. நீங்கள் கேட்கவில்லை, அமைப்பும் சொல்லியிருக்காது, ஆனால் முன்கதை தெரியாத பெண் குதிரை ஒவ்வொன்றும் சினைதான் என்று எண்ணியே தொடங்க வேண்டும். மெலிந்த குதிரையின் தொங்கும் வயிற்றைப் புழு என்பார்கள், புல் வயிறு என்பார்கள், ஒரு நாள் காலையில் லாயத்தில் குட்டி நிற்கும். சினைக்காலம் சுமார் 11 மாதம், 340 நாள். மருத்துவர் ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும், ஆரம்பச் சினை என்று சந்தேகித்தால் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். சினையுள்ள குதிரை தின்பதை நிறுத்தினால், உடம்பில் மிஞ்சியிருக்கும் கொழுப்பு ரத்தத்தில் இறங்கி ஈரல் கெட்டுவிடலாம், உடனே மருத்துவர் வேண்டும். கடைசி மூன்று மாதம் தேவை கூடும், எனவே 10 நாளுக்குப் பிறகான அளவை மருத்துவர் தனியாக எழுதித் தர வேண்டும். குட்டி போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் குட்டி நிற்க வேண்டும், இரண்டுக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்றுக்குள் நஞ்சுக்கொடி முழுசாக விழ வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். குதிரை சினையாக இருக்கலாம் என்பதைத் தரகர்கள் நன்றாகவே அறிவார்கள். ஒன்றின் விலையில் இரண்டு கிடைக்கும் என்றால் எந்த அவசரமும் அவர்களுக்கு வரும். அதனால் ஸ்கேன் முடிவு கையில் வரும்வரை அவளைப் பார்க்க யாரையும் வரவிடாதீர்கள். சினையென்றால் குட்டி பிறந்து, பால் மறக்கும் 5, 6 மாதம் ஆகும்வரை தாயை எங்கும் அனுப்பக்கூடாது. குட்டி யாருக்குச் சொந்தம் என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், பிறந்த பிறகு பேசினால் பேச்சு முடியாது.

அதற்கெல்லாம் பிறகு வருகிறவரின் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். வேலியில் முள்கம்பி உண்டா, துணைக்கு இன்னொரு குதிரை உண்டா என்று பாருங்கள். அவர் பேச்சைக் காட்டிலும் அவரிடம் ஏற்கெனவே உள்ள குதிரைகளின் குளம்புகள் அதிகம் சொல்லும். விளிம்பு உடையாமல், முனை நீளாமல் இருந்தால் 6 முதல் 8 வாரத்துக்கொரு முறை லாடக்காரர் வருகிறார் என்று தெரியும். அந்த லாடக்காரரின் எண்ணை வாங்கி அவரிடமே கேளுங்கள். ஒப்பந்தத்தில் விற்கக்கூடாது, இனப்பெருக்கம் செய்யக்கூடாது, இடம் மாற்றினால் தெரிவிக்க வேண்டும், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் அமைப்பிடமே திருப்பித் தர வேண்டும் என்று இருக்கட்டும். முதல் ஓராண்டு உரிமை அமைப்பின் பெயரிலேயே நிற்கட்டும். உரிமையைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டால், மூன்றாவது ஆளிடம் போன குதிரையை மீட்பது நடக்காத காரியம்.

அந்தத் தரகர் மறுபடி வந்தால், அமைப்பின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, விண்ணப்பம் அங்கேதான் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.