புவிசார் குறியீடு கிடைத்தும் விலை ஏறாதது ஏன்? பர்கண்டித் திராட்சைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள காமயகவுண்டன்பட்டியில் இரண்டரை ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். எங்கள் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் தோட்டத்துக்கு வரும் வியாபாரி முன்பு பேசிய விலையைத்தான் இப்போதும் பேசுகிறார். பிரான்சு நாட்டில் மதுவுக்கான திராட்சை விளையும் பர்கண்டியில் ஓர் ஏக்கருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள்கூட ஊர்ப்பெயரைச் சொல்லியே நல்ல விலை பெறுகிறார்களாம். கொடியை நெருக்கி நட்டு, தண்ணீர் பாய்ச்சாமல், காய்ப்பைக் குறைப்பதுதான் அதற்குக் காரணம் என்று ஒருவர் சொன்னார். நாங்களும் அப்படிச் செய்யலாமா?

பதில்: தங்களுக்குச் சொன்னவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். பர்கண்டியில் கொடியை நெருக்கி நடுவதும், பாசனம் செய்யாததும், காய்ப்புக்கு வரம்பு வைத்திருப்பதும் உண்மையே. ஆனால் முதல் இரண்டும் அந்த மண்ணுக்கும் குளிருக்கும் உரியவை; அவற்றைக் கம்பம் பள்ளத்தாக்கில் செய்தால் தோட்டம் கெட்டுவிடும். மூன்றாவது மட்டுமே தாங்கள் யோசிக்க வேண்டியது. அதுவும் ஒருவர் தனியாகச் செய்து பலன் காணக்கூடிய காரியம் அன்று.

முதலில் அந்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பர்கண்டியில் மிகவும் பேர்பெற்ற தோட்டங்கள் திஜோன் நகருக்குத் தெற்கே, போன் நகரைத் தாண்டி, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே சரிவில் அமைந்துள்ளன. சுண்ணாம்புப் பாறையும் களிச்சுண்ணாம்பும் கலந்த அச்சரிவு பெரும்பாலும் கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெயில் நேராக விழுகிறது. சரிவின் உச்சியில் மண் கனம் குறைவு; அடிவாரத்தில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கிறது; இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலமே உயர்தரப் பழம் தருகிறது. மழையில் அடித்துச் செல்லப்பட்ட மண்ணைக் கூடையில் அள்ளி மீண்டும் மேட்டுக்குச் சுமந்து கொட்டும் வழக்கம் அந்த விவசாயிகளிடம் நெடுங்காலம் இருந்தது. அந்த மண்ணின் மதிப்பை அவர்கள் எப்படி உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அங்கே ஒவ்வொரு திராட்சைக் காட்டுக்கும் தனிப்பெயரும் தனி எல்லையும் உண்டு. அப்படிப் பெயர் பெற்ற துண்டுநிலத்தைக் ‘கிளிமா’ என்கிறார்கள். இந்தச் சரிவில் மட்டும் 1,247 கிளிமாக்கள் இருக்கின்றன. 2015-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1098-இல் நிறுவப்பட்ட சீத்தோ என்ற கிறித்தவ மடத்துத் துறவிகள் தலைமுறை தலைமுறையாக எந்த நிலத்தின் பழம் எப்படியிருக்கிறது என்று கவனித்து எல்லை வகுத்ததில் பெரும்பங்கு ஆற்றினர். சிவப்பு மதுவுக்குப் பினோ நுவார், வெள்ளை மதுவுக்கு ஷார்தொனே என்று இரண்டு இரகங்களையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். அதிகம் காய்க்கும் கமே என்ற இரகத்தைப் பிடுங்கி எறியுமாறு 1395-ஆம் ஆண்டிலேயே பர்கண்டிக் கோமகன் பிலிப் ஆணையிட்டார். விளைச்சலா, தரமா என்ற வழக்கு அங்கே அத்தனை பழையது.

இவ்வளவு பழைய பெருமை இருந்தும், நூறாண்டுகளுக்கு முன்பு அங்குள்ள விவசாயியின் நிலைமை ஏறக்குறைய இன்று தங்கள் நிலைமைதான். பழத்தையோ மதுவையோ போன், நுயி போன்ற ஊர்களின் மொத்த வியாபாரிகள் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் சிலர் தென்பிரான்சிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வந்த மலிவான மதுவைக் கலந்து, பொம்மார், வொல்னே என்று பேர்பெற்ற ஊர்ப்பெயர்களை ஒட்டி விற்றார்கள். பெயருக்குக் கிடைத்த ஆதாயம் அந்தப் பெயருக்குரிய நிலத்தை உழுதவருக்கு வரவில்லை. வொல்னே ஊரின் தான்ழெர்வில் என்ற பிரபுவும், நுயி-சான்-ஜார்ஜ் ஊரின் ஆன்ரி கூழும் இந்த மோசடியை வெளிப்படையாக எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களிடம் வியாபாரிகள் சரக்கு வாங்க மறுத்தபோது, தங்கள் மதுவைத் தாங்களே புட்டியில் அடைத்து, தோட்டத்தின் பெயரிட்டு நேரடியாக விற்கத் தொடங்கினார்கள். அத்தகையவர்களின் முயற்சியும் சேர்ந்துதான் 1935-இல் பிரான்சில் இன்றைய பெயருரிமைச் சட்டமும் அதை நடத்தும் தேசிய அமைப்பும் உருவாயின. தங்கள் கேள்விக்கான விடை, என் பார்வையில், சாகுபடி முறையைக் காட்டிலும் இந்த வரலாற்றில்தான் அதிகமாக இருக்கிறது.

அந்தச் சட்டத்தின்படி ஊர்ப்பெயரைப் பயன்படுத்த விரும்புவோர் அந்தப் பெயருக்கென்று எழுதிவைக்கப்பட்ட விதிகள் அனைத்துக்கும் கட்டுப்பட வேண்டும். எந்த எல்லைக்குள் நிலம் இருக்க வேண்டும், எந்த இரகம், எக்டேருக்குக் குறைந்தது எத்தனை கொடி, எந்த முறையில் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுதல்), அறுவடையின்போது பழத்தில் குறைந்தது எவ்வளவு சர்க்கரை, எக்டேருக்கு அதிகபட்சம் எத்தனை லிட்டர் என்று எல்லாம் அதில் உண்டு. வரம்புக்கு மேல் விளைந்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது. தோட்டத்தில் கொடிகள் செத்துப்போய் இடைவெளி விழுந்து, அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அனுமதிக்கப்படும் விளைச்சலும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். இருக்கிற கொடிகளின் மேல் முழுச் சுமையையும் ஏற்றிக் கணக்கை நேர்செய்ய இயலாது. பெயர்களிலும் படிநிலை உண்டு: மொத்த உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி பர்கண்டி என்ற பொதுப்பெயரில் விற்கிறது, அதற்கு மேல் ஊர்ப்பெயர், அதற்கும் மேல் ‘முதல்தர’க் காடுகள், உச்சியில் ‘மாபெரும்’ காடுகள். அந்த உச்சித் தரம் மொத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதமே.

இனி சாகுபடிக்கு வருகிறேன். அங்கே எக்டேருக்குப் பத்தாயிரம் கொடிகள், அதாவது ஏக்கருக்கு நான்காயிரம், மீட்டருக்கு மீட்டர் நடுகிறார்கள். நாம் மூன்றுக்கு இரண்டு மீட்டரில் நடும் பன்னீர் திராட்சை ஏக்கருக்கு 675 கொடிகளுக்கு மேல் வராது. அவர்கள் கொடியைப் பந்தலில் ஏற்றுவதில்லை. முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி, அதில் ஐந்து முதல் எட்டு மொட்டுகள் விட்ட ஒரே ஒரு கிளையை வளைத்துக் கட்டி, பக்கத்தில் அடுத்த ஆண்டுக்காக இரண்டு மொட்டுள்ள சிறு குச்சியை விட்டுவைக்கிறார்கள். தரையின் வெப்பம் பழத்துக்கு எட்ட வேண்டும் என்பதால் இந்தத் தாழ்வு. குளிரில் இலையுதிர்ந்து உறங்கும் கொடி, ஆண்டுக்கு ஒரே அறுவடை, ஏழை மண் ஆகிய மூன்றும் இருப்பதால்தான் இந்த நெருக்கம் அங்கே தாங்குகிறது. மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்வதால் பாசனமில்லாமல் கொடி பிழைக்கிறது. தங்கள் கொடி உறங்குவதே இல்லை. கவாத்து செய்தவுடன் துளிர்த்து, ஆண்டுக்கு இரண்டு போகம் தருவது. அதை நெருக்கி நட்டால் தழை அடைந்து, காற்றோட்டம் இன்றி, அடிச்சாம்பல் நோய் முதல் மழையிலேயே தோட்டத்தைப் பிடித்துவிடும். தண்ணீரை நிறுத்தினால் காய் பெருக்காது. இந்த இரண்டையும் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

விளைச்சல் வரம்பு வேறு வகையான விஷயம். அங்கே உச்சித் தரச் சிவப்பு மதுவுக்கு எக்டேருக்கு 3,500 லிட்டர் அளவிலேயே வரம்பு இருக்கிறது; பழக் கணக்கில் அது ஏக்கருக்கு இரண்டு டன்னுக்கும் குறைவு, கொடிக்கு அரைக் கிலோ. பன்னீர் திராட்சைக்கு நமது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் விளைச்சல் ஆண்டுக்கு எக்டேருக்கு 30 டன், அதாவது ஏக்கருக்குப் பன்னிரண்டு டன். உண்ணும் பழத்தையும் மதுவுக்கான பழத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எனவே அவர்கள் அளவுக்கு இறங்குவது தற்கொலைக்குச் சமம். ஆனால் அளவுக்கு மீறிக் குலை விட்ட கொடியில் பழம் ஒரே சீராகக் கறுக்காது, இனிப்பும் ஏறாது என்பது தங்களுக்கே தெரிந்த செய்தி.

பர்கண்டியைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வூஜோ ஊரில் மதில் சூழ்ந்த ஐம்பது எக்டேர் தோட்டம் ஒன்று முழுவதும் உச்சித் தரப் பெயர் பெற்றது. அதற்கு இன்று எண்பது பேர் அளவில் உரிமையாளர்கள். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்து நிலம் பறிக்கப்பட்டு ஏலம் போனதும், பிள்ளைகளுக்குச் சமபங்கு தரும் நெப்போலியன் காலத்துச் சட்டமும் அப்பகுதி நிலங்களை இப்படித் துண்டாடின. ஒரே மதிலுக்குள், ஒரே பெயரில், ஒருவர் சரக்கு சிறந்தும் இன்னொருவர் சரக்கு சாதாரணமாகவும் இருப்பதை வாங்குவோர் நன்றாக அறிவார்கள். பெயர் வாசல்வரைதான் கொண்டு சேர்க்கும். நில விலையோ எக்டேருக்குப் பல மில்லியன் யூரோவரை போய்விட்டதால், இளம் விவசாயிகள் பலர் சொந்த நிலம் வாங்க வழியின்றிக் குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் உழுகிறார்கள். 2021 ஏப்ரலில் உறைபனி வந்தபோது இரவெல்லாம் வரிசைகளுக்கிடையே மெழுகுச் சட்டிகளை ஏற்றிவைத்துக் காத்தும், பல தோட்டங்கள் மொட்டுகளை இழந்தன. அந்த விலைக்குப் பின்னால் இந்தப் பாடுகளும் உள்ளன.

தாங்கள் இப்போது செய்யக்கூடியவை இவை. புவிசார் குறியீடு பதிவானது கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயருக்கு; அந்தப் பெயரைத் தங்கள் பெட்டியில் சட்டப்படி அச்சிட, சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் தாங்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். விண்ணப்பத்தை விவசாயிகள் சங்கம் வழியாக அனுப்புவது எளிது. அடுத்ததாக, வரும் கவாத்தில் தோட்டத்தின் ஓரத்தில் இருபது சென்ட்டை மட்டும் ஒதுக்கி, பிஞ்சு பிடித்ததும் குலைகளில் நான்கில் ஒன்றைக் கிள்ளிவிடுங்கள். மற்ற பகுதியை வழக்கம்போல் விட்டு, உரமும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றாகவே கொடுங்கள். அறுவடைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானியால் இரு பகுதியின் பழத்தையும் மூன்று நாளுக்கு ஒருமுறை சோதித்து எழுதி வையுங்கள். எடையையும் விற்ற விலையையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டக்காரர்கள் நால்வர் ஐவருடன் உட்கார்ந்து, இன்ன அளவு இனிப்பு ஏறாத பழத்தைக் கம்பம் என்ற பெயரிட்ட பெட்டியில் வைப்பதில்லை என்று ஓர் எண்ணை முடிவு செய்து, கையெழுத்திட்டு, அதன்பிறகு வியாபாரியிடம் விலை பேசுங்கள்.