ஃப்ரீசெல்: நான்கு கட்டங்களும் நிரம்பிப்போவது ஏன்?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு கணினியில் ஃப்ரீசெல் என்ற ஒற்றையாள் சீட்டாட்டத்தை ஆடிப் பழகி வருகிறேன். விதிகள் தெரியும்; ஆனாலும் பத்து ஆட்டம் ஆடினால் இரண்டோ மூன்றோதான் முடிகின்றன. மற்றவற்றில் பாதியிலேயே மேலே உள்ள நான்கு கட்டங்களும் நிரம்பி, நகர்த்த இடமின்றி நின்றுவிடுகிறேன். சீட்டு சரியாக விழாததுதான் காரணமா, அல்லது நான் ஆடும் முறையில் குறையா?

பதில்: சீட்டின் மேல் பழியைப் போட இந்த ஆட்டத்தில் அநேகமாக வழியே இல்லை. சாதாரண சாலிடேரில் பல சீட்டுகள் கவிழ்ந்து கிடப்பதால் எவ்வளவு நிதானமாக ஆடினாலும் சில நேரங்களில் தோற்கத்தான் வேண்டியிருக்கும். ஃப்ரீசெல்லில் 52 சீட்டுகளும் முதல் நொடியிலேயே எட்டு வரிசைகளில் முகம் காட்டிக் கிடக்கின்றன. பால் ஆல்ஃபில் என்பவர் 1978-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் இதை உருவாக்கினார். பின்னர் ஜிம் ஹார்ன் எழுதிய விண்டோஸ் வடிவம்தான் இதை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டு சேர்த்தது. அதில் 1 முதல் 32,000 வரை எண்ணிட்ட ஆட்டங்கள் இருந்தன. 1990-களின் நடுவில் டேவ் ரிங் என்பவர் இணையத்தில் தன்னார்வலர்களைத் திரட்டி, அத்தனை ஆட்டங்களையும் பகிர்ந்தளித்து ஆட வைத்தபோது, யாராலும் முடிக்க இயலாமல் எஞ்சியது 11982 என்ற ஒரே ஓர் ஆட்டம்தான். அது தீர்வற்றது என்பதைக் கணினி நிரல்களும் பின்னர் உறுதி செய்தன. ஆகவே நீங்கள் தோற்ற ஆட்டங்களில் ஏறத்தாழ எல்லாமே வெல்லக்கூடியவையாகவே இருந்திருக்கும்.

குறை எங்கே என்பதை உங்கள் கேள்வியே சொல்லிவிடுகிறது. மேலே இடப்புறம் உள்ள நான்கு கட்டங்களை, வழியில் இடைஞ்சலாக இருக்கும் சீட்டைத் தூக்கிப் போடும் இடமாகப் பலரும் கருதுகிறார்கள். உண்மையில் அவை கைமாற்றுக் கடன் போன்றவை: ஒரு சீட்டை அங்கே வைப்பதற்கு முன், அது எந்தச் சீட்டின் மேல், எப்போது திரும்பி இறங்கும் என்பதற்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். விடை இல்லாமல் வைத்த இரண்டு சீட்டுகள் சேர்ந்துவிட்டால், ஆட்டம் அப்போதே பாதி தோற்றதாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வரிசையில் நுனியிலிருந்து உள்நோக்கி கிளாவர் ஜாக்கி, ஆட்டின் 4, இஸ்பேட் 9, அவற்றுக்கு அடியில் டைமன் ஏஸ், அதற்கும் அடியில் வேறு இரண்டு சீட்டுகள் இருக்கின்றன என்று கொள்வோம். இன்னொரு வரிசையின் நுனியில் டைமன் ராணியும், மற்றொன்றின் நுனியில் ஆட்டின் 10-உம், அந்தப் பத்துக்கு நேர் பின்னால் கிளாவர் 5-உம் உள்ளன. அவசரப்படுபவர் ஏஸைக் கண்டதும் அதன் மேலுள்ள மூன்று சீட்டுகளையும் கட்டங்களில் ஏற்றிவிட்டு ஏஸை எடுப்பார். அவருக்கு மிஞ்சுவது ஒரே ஒரு கட்டம். பொறுத்துப் பார்ப்பவர் ஜாக்கியை ராணியின் மேல் வைப்பார். ஆட்டின் 10-ஐ அந்த ஜாக்கியின் மேல் கொண்டுவருவார். அதனால் வெளிப்பட்ட கிளாவர் 5-இன் மேல் ஆட்டின் 4-ஐயும், பத்தின் மேல் இஸ்பேட் 9-ஐயும் இறக்குவார். ஏஸ் வெளியே வந்துவிட்டது, ராணி முதல் ஒன்பது வரை, நிறம் மாறி மாறி ஒவ்வொன்றாக இறங்கும் ஒழுங்கான தொடர் ஒன்று அமைந்துவிட்டது, கட்டங்களோ நான்கும் காலியாகவே இருக்கின்றன. இரண்டு பேருக்கும் விழுந்தவை அதே சீட்டுகள்தாம்.

இத்தகைய வழி கண்ணில் பட வேண்டுமானால், சீட்டைத் தொடுவதற்கு முன்பே நான்கு ஏஸ்களும் நான்கு இரண்டுகளும் எங்கே புதைந்திருக்கின்றன என்று தேடிப் பார்த்து, எந்த வரிசையை முதலில் தோண்டுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நான் இதற்கே இரண்டு மூன்று நிமிடம் செலவிடுவதுண்டு. ஏஸ் எளிதாகக் கிடைத்து, அதே சின்னத்தின் இரண்டு வேறொரு வரிசையின் அடியில் ராஜாவுக்குக் கீழே கிடந்தால், அந்த ஏஸால் உடனடிப் பயன் அதிகம் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்தது காலி வரிசை. கட்டங்களைவிட இதன் மதிப்பு அதிகம் என்பதைக் கணக்காகவே காட்டிவிடலாம். ஒழுங்காக அமைந்த தொடரில் ஒரே வீச்சில் எத்தனை சீட்டுகளை நகர்த்தலாம் என்பது, காலிக் கட்டங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, ஒவ்வொரு காலி வரிசைக்கும் ஒருமுறை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும். நான்கு கட்டங்களும் காலி, வரிசை எதுவும் காலியில்லை என்றால் ஐந்து சீட்டுகள். மேலே சொன்ன ஆட்டத்தில் ஏஸ் போனபின் எஞ்சிய இரண்டு சீட்டுகளையும் கட்டங்களில் ஏற்றி அந்த வரிசையைக் காலி செய்தால், இரண்டு கட்டங்களை இழந்த பிறகும் நகர்த்தும் திறன் ஆறாக உயர்கிறது. அவற்றில் ஒன்று வேறு வரிசையில் பொருந்தினால் எட்டு. இரண்டும் பொருந்தினால் பத்து. ஆனால் நகர்த்திச் சேர்க்கும் இடமே அந்தக் காலி வரிசையாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. திறன் அப்போது பாதியாகிவிடும். நடுத்தர ஆட்டக்காரர்கள் ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

காலியான வரிசையில் உடனே ஒரு ராஜாவைக் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் சாதாரண சாலிடேரிலிருந்து தொற்றிக்கொண்டது. அங்கே அது விதி, இங்கே எந்தச் சீட்டையும் வைக்கலாம். எதிர் நிற ராணி உடனே பின்தொடரத் தயாராக இருந்தாலோ, அந்த ராஜாவை எடுப்பதால் முக்கியமான சீட்டு வெளிப்பட்டாலோ ஒழிய, வரிசையைக் காலியாகவே விட்டு வையுங்கள். ஏற்கெனவே ஒரு வரிசையின் அடியில் இருக்கும் ராஜாவைத் தொடவே வேண்டாம்.

ஏஸில் தொடங்கி ஒவ்வொரு சின்னத்தையும் வரிசையாக அடுக்கி முடிக்கும் சேர்ப்பிடத்துக்குச் சீட்டை அனுப்புவதிலும் அவசரம் கூடாது. ஏஸையும் இரண்டையும் தயங்காமல் அனுப்பலாம். அதற்கு மேல், எதிர் நிறத்தில் அதைவிட ஒன்று குறைந்த இரண்டு சீட்டுகளும் ஏற்கெனவே போய்விட்டனவா என்று பாருங்கள். இஸ்பேட் 5-உம் கிளாவர் 5-உம் போயிருந்தால் டைமன் 6-ஐ அனுப்புவதில் இழப்பு இல்லை. அவற்றில் ஒன்று இன்னும் ஆட்டத்தில் இருந்தால், அது வந்து உட்கார அந்த ஆறு தேவைப்படலாம்.

பயிற்சிக்கு ஒரு யோசனை: தோற்றவுடன் புதிய ஆட்டத்துக்குத் தாவாமல், அதே எண்ணைத் திரும்பத் திறந்து, முதன்முதலில் விடை தெரியாமல் கட்டத்தில் வைத்த சீட்டு எது என்று தேடி, அந்த இடத்திலிருந்து வேறு வழியில் ஆடிப் பாருங்கள். அது பெரும்பாலும் முதல் பத்து நகர்வுகளுக்குள்ளேயே அகப்படும். 11982-ஐ மட்டும் இந்தப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.