பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து கிளையன்ட்டிடம் அனுப்பும் கம்பெனியில் சேரலாமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம்: நாகர்கோவில்காரர், பி.இ. முடித்து ஒரு வருடம் சும்மா இருக்கிறார். புதிதாகப் படித்து வந்தவர்களை எடுத்து, சில மாதம் பயிற்சி கொடுத்து, பிறகு வேறு கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. இரண்டு வருட பாண்ட், அதாவது அதற்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்கச் சொல்கிறார்கள். சேரலாமா?

ஏற்கெனவே பதில் சொன்னவர்களில் பாதிப் பேர் “அத்தனையும் பிராடு, பக்கத்திலேயே போகாதே” என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் வேலையைத் தொடங்கியதே அப்படி ஒரு கம்பெனியில்தான். இன்று திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தொடக்கம் இல்லாமல் இது நடந்திருக்காது. அங்கே எனக்கு நடந்த அநியாயத்தையும் கீழே எழுதத்தான் போகிறேன், அதனால் யாரோ காசு கொடுத்து எழுத வைத்தார்கள் என்று கிளம்பாதீர்கள். கம்பெனி பெயரைக் கேட்டு இன்பாக்ஸில் வரவும் வேண்டாம், சொல்ல மாட்டேன்.

நேரடிப் பதில்: சேரலாம். ஆனால் கிளையன்ட் கிடைக்காத மாதங்களுக்கு உங்களுக்குச் சம்பளம் உண்டா, எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுச் சேருங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்.

இந்த இரண்டையும் எனக்குச் சொல்லித் தந்தது எந்தக் கல்லூரியும் அல்ல, என் அம்மா. அம்மா குழித்துறைப் பக்கம் அண்டியாபீசில் வேலை பார்த்தவள். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரி ஆலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். அண்டி உடைத்து உடைத்து விரலெல்லாம் கறுத்த கை. அப்பா பால்வெட்டு, ரப்பர் தோட்டத்தில். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் அப்பா வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில் பெரும்பகுதி மரம் சாய்ந்துவிட்டது. ரப்பர் புதிதாக நட்டால் பால் வெட்ட ஆறேழு வருடம் ஆகும். அடுத்த வருடம் நான் இ.சி.இ. முடித்து வெளியே வந்தபோது வீட்டில் அம்மாவின் கூலி மட்டும்தான். கல்விக் கடனுக்கு வங்கியிலிருந்து கடிதம் வரத் தொடங்கியிருந்தது. இந்த நிலைமையில் இருக்கிறவளிடம் “நல்ல கம்பெனி வரும்வரை காத்திரு” என்று அறிவுரை சொன்னவர்கள் எல்லாரும் வீட்டில் அரசு உத்தியோகம் உள்ளவர்கள். இன்று இங்கே “போகாதே” என்று எழுதுகிறவர்களிலும் எத்தனை பேருக்கு அடுத்த மாத ரேஷனுக்கு பயிற்சிக் காலத்தில் தரும் அந்த எட்டாயிரம் ஸ்டைபண்ட் தேவையாக இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

சேரும் நாளில் அம்மா என்னோடு திருவனந்தபுரம் வந்தாள். எச்.ஆர். ஒரு மலையாளிப் பெண், அம்மாவின் பேச்சு அவருக்கு நன்றாகவே புரிந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை ஒரிஜினலைக் கேட்டார், பாதுகாப்பாக வைத்திருந்து பாண்ட் முடிந்ததும் திருப்பித் தருவோம் என்றார். எங்களோடு அன்று சேர வந்தவர்கள் வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் ஃபைலை மடியிலிருந்து எடுக்கவில்லை. “ஜெராக்ஸ் எத்தன வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க மக்களே. அசல் அவளுக்க கையிலதான் இருக்கும்” என்றாள். பிறகு, “கம்பெனியில வேல இல்லாத்த நாளைக்கி இவளுக்குக் கூலி உண்டா? பி.எஃப். பிடிப்பியளா?” என்று கேட்டாள். ரிசப்ஷனில் இருந்த சில பையன்கள் சிரித்தார்கள். அண்டி வராத நாளில் ஆபீஸ் அடைத்துக் கிடந்து, கூலி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்த ஒருத்திக்கு அதைவிடப் பெரிய கேள்வி எது?

எச்.ஆர். பெண் சிரிக்கவில்லை. ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பயிற்சி முடிந்த நாளிலிருந்து கிளையன்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுச் சம்பளம், பி.எஃப். உண்டு என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா, அந்தப் பெண் சொன்னதை எழுத்தில் வாங்கு என்றாள். அன்று இரவே மெயில் அனுப்பினேன்: “இன்று நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன், சரிதானா?” மறுநாள் “ஆம்” என்று பதில் வந்தது. அந்த ஒற்றை வரி மெயிலை இன்னும் வைத்திருக்கிறேன்.

பயிற்சியைப் பற்றி நல்லதைச் சொல்லியே ஆக வேண்டும். நாலு வருடம் கல்லூரியில் படித்ததைவிட அந்தச் சில மாதத்தில் படித்தது அதிகம். ஜாவா, எஸ்.க்யூ.எல்., டெஸ்டிங் எல்லாம் எங்கேயும் சொல்லித் தருவார்கள். எங்களுக்கு வந்த சார், புரோகிராம் உடைந்தால் முதலில் எரர் மெசேஜை முழுதாக, மேலிருந்து கீழே, வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். வாசித்து முடிக்கும்வரை கீபோர்டைத் தொட விடமாட்டார். கிளையன்ட் போனில் பேசுவதை நடித்துக் காட்டச் சொல்வார். தமிழ் மீடியத்தில் படித்து வந்த என்னை எல்லார் முன்னாலும் ஆங்கிலத்தில் பேச வைத்து, ஒரு நாளும் கேலி செய்ய விடாதவர். அவருக்கு நான் கடன்பட்டவள். “ஏமாற்றுக் கம்பெனி” என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறவர்கள் இப்படிப்பட்டவர்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறீர்கள். பெரிய நிறுவனங்களும் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் கிளையன்ட் வேலையில் போடுகின்றன. இன்ஃபோசிஸ் மைசூரில் அதற்கென்றே ஒரு வளாகம் வைத்திருக்கிறது. டி.சி.எஸ். திருவனந்தபுரத்தில் பயிற்சி நடத்துகிறது. பெரிய பெயர் என்றால் பெருமை, சின்ன பெயர் என்றால் மோசடி என்பது நியாயமில்லை.

இனி அநியாயம். இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் அது புரியும். கிளையன்ட் மாதத்துக்கோ மணிக்கோ கணக்குப் போட்டு உங்கள் பெயரில் கம்பெனிக்குப் பில் கட்டுவான். அதில் ஒரு பங்குதான் உங்கள் சம்பளம். நீங்கள் கிளையன்ட் வேலை இல்லாமல் காத்திருந்தால், அதாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், கம்பெனிக்கு வரவு இல்லை, செலவு மட்டும். புதியவருக்குக் கிளையன்ட் தரும் ரேட் குறைவு, மூன்று வருட அனுபவம் என்றால் ரேட் ஏறும். பொய் ரெஸ்யூம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

பயிற்சி முடிந்து கொஞ்ச நாளில் ஒரு இன்டர்வியூ என்று சொல்லி என் ரெஸ்யூமை எனக்கே அனுப்பினார்கள். அதில் எனக்கு மூன்று வருட அனுபவம், நான் கண்ணால் பார்க்காத ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட், அதில் நான் செய்ததாகப் பத்து வரி. மனப்பாடம் செய்துகொள் என்றார் மேனேஜர். என் உண்மையான ரெஸ்யூமை அனுப்புங்கள், இதை வைத்து நான் இன்டர்வியூவில் உட்கார மாட்டேன் என்று மெயில் போட்டேன். ரூமுக்குக் கூப்பிட்டார். எல்லாரும் செய்கிறதுதான், உனக்கு மட்டும் என்ன என்றார். பாண்ட் தொகையை ஞாபகப்படுத்தினார். நான் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த மாதம் என் கணக்கில் சம்பளத்துக்குப் பதில் பழைய ஸ்டைபண்ட் வந்தது. பெஞ்சில் இருப்பவர்களுக்கு இவ்வளவுதான் என்றார்கள்.

சேர்ந்த அன்று வாங்கிய “ஆம்” மெயிலை எச்.ஆருக்கும் அவருக்கு மேலே இருந்தவருக்கும் சேர்த்து அனுப்பினேன். கோபமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. மீதிப் பணம் அடுத்த மாதச் சம்பளத்தோடு வந்தது. பயிற்சி கொடுத்த சார், ஒரு கிளையன்ட்டிடம் நான் புதியவள் என்று உள்ளபடி சொல்லியே என் பெயரைக் கொடுத்தார். கொச்சியில் மேனுவல் டெஸ்டிங் வேலை. குறைந்த ரேட்டுக்குத்தான் எடுத்தார்கள், ஆனால் எடுத்தார்கள். பாண்ட் முடியும்வரை அங்கேயே இருந்தேன்.

என்னோடு சேர்ந்தவர்களில் குளச்சல் பையன் ஒருவன், கடலுக்குப் போகும் குடும்பம், எங்கள் பேட்சிலேயே நன்றாகப் படிக்கிறவன். ஒரு அரசுத் தேர்வு எழுதி சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். ஒரிஜினல் கம்பெனி பீரோவில். பாண்ட் பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். அவன் அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார். அந்தக் குடும்பம் அதற்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். சான்றிதழ் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அவன்தான் காரணம்.

பொய் ரெஸ்யூமுக்குச் சம்மதித்து அப்போது என்னைவிட அதிகம் சம்பாதித்தவர்களும் உண்டு. அடுத்த கம்பெனிக்குப் போகும்போது, பழைய வேலை விவரங்களைச் சரிபார்க்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் சிலருக்குச் சிக்கல் வந்தது. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் போட்டுப் பார்த்தால் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தோம் என்பது வந்துவிடும். ரெஸ்யூமில் மூன்று வருடம், பி.எஃப்.பில் ஒன்றரை வருடம் என்றால் என்ன பதில் சொல்வது? அவர்களைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. வீட்டுச் சூழ்நிலை அப்படி. எழுதிக் கொடுத்தவர்கள் இன்றும் அதே நாற்காலியில் இருக்கிறார்கள், மாட்டிக்கொண்டது பிள்ளைகள்தான்.

பாண்டைப் பற்றி. நான் வக்கீல் இல்லை, எனக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். “பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது, கிழித்துப் போடு” என்று வாட்ஸப்பில் வருவதை நம்பி நடுவில் ஓடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் முடியும் முன் போனால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் முறையே வேறு என்பதும் உண்மை. 1872 ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி, பேப்பரில் எழுதிய தொகை என்பது உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவு செய்தார்கள் என்ற கேள்வி அங்கேதான் வரும். உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. மேனேஜர் போனில் மிரட்டும்போது இது ஞாபகம் இருந்தால் கை நடுங்காது.

பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் மாவட்டத்துப் பெண்பிள்ளைகளில் பலர் வீட்டிலிருந்தே போய்வரத்தான் பார்க்கிறார்கள். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் ரோட்டு வழியாகப் போகாதீர்கள், குழித்துறையிலோ இரணியலிலோ சீசன் டிக்கெட் எடுத்து ரயிலில் போங்கள். நம் மலையை உடைத்து ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகள் காலையும் மாலையும் அந்த ரோட்டை எப்படி ஆக்கி வைத்திருக்கின்றன என்று அதில் போகிறவர்களுக்குத் தெரியும். ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற பெண்களை உரசிக்கொண்டு போகிறார்கள். அளவுக்கு மேல் பாரம், மேலே தார்ப்பாய் கூடக் கிடையாது, தூசி முழுக்கக் கண்ணில். எத்தனை போராட்டம், எத்தனை மனு! செத்தவர்களின் வீட்டில் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வருவதோடு முடிந்துவிடுகிறது. நமக்கு மலையும் போகிறது, குளமும் போகிறது, ரோடும் போகிறது. கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள், ஆனால் தினமும் அதில் போய் வந்த எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேட்டவருக்குக் கடைசியாக. சேர்வதற்கு முன் ஒரு ரூபாய்கூட டெபாசிட் என்று கட்டாதீர்கள். உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வேலை தருகிறேன் என்பவன் கோச்சிங் சென்டர்காரன், அவனுக்கு உங்களை அனுப்ப வேண்டிய அவசரமே கிடையாது. பாண்ட் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். பயிற்சி நாளையும் சேர்த்தா, கிளையன்ட்டிடம் போன நாளிலிருந்தா என்பதில் பல மாதம் வித்தியாசம் வரும். கிளையன்ட்டே உங்களை நேரடியாக எடுத்துக்கொள்ள விரும்பினால் தடை இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் அந்த இரண்டு கம்பெனிக்கும் நடுவில் அப்படி ஒரு ஷரத்து இருக்கும். சேர்ந்த மூன்றாம் மாதம் யு.ஏ.என். பாஸ்புக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அக்ரிமென்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கத் தந்தார்கள் என்றால் கம்பெனி பெயரையும் உங்கள் பெயரையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். பாண்ட் தொகை, பெஞ்ச் சம்பளம், நோட்டீஸ் காலம் இந்த மூன்றையும் எழுதியிருக்கும் பக்கங்கள் போதும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து படித்துப் பார்த்து எழுதுகிறேன்.